மாப்பிள்ளை சாரின் ஒரே ஜாடி

எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரே மகள். அந்த மகளின் கணவருக்கு எந்த வேலையிலும் கால் ஊன்றாது. முதலில் குளியலறை ஓடு விற்றார். ஓடு மிஞ்சியது, வாங்க ஆள் இல்லை. அப்புறம் வாசனை மெழுகுவத்தி. அதற்கப்புறம் தன்னை ‘ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டார். யாருக்கு, எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசியில் மாமனார் அவரைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டினார். ‘ஆய்வக இயக்குநர்’ என்று ஒரு பதவி முளைத்தது. அதற்கென ஒரு சுழல் நாற்காலியும் வந்தது.

நேரில் ‘டைரக்டர் சார்’. முதுகுக்குப் பின்னால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் ‘மாப்பிள்ளை சார்’.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர். அவர் வருவதற்கு முன்னால் அந்த லேப் என் கையில் இருந்தது. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். மேசையெல்லாம் கறை. பாட்டில்களில் என் கோழிக் கிறுக்கலில் எழுதி ஒட்டிய பெயர்கள். ஆனால் ஆசிட் எல்லாம் கீழ் அடுக்கில், சிந்தினாலும் தேங்குகிற தட்டுக்குள் நிற்கும். ஸ்பிரிட் எதிர்மூலை இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பின்கதவு ஒரு தள்ளு தள்ளினால் திறக்கும். மணல் வாளி எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் பிள்ளைகள் போய்த் தொட்டுக் காட்டுவார்கள்.

மாப்பிள்ளை சார் முதல் தடவை உள்ளே வந்தபோது மூக்கில் கைக்குட்டை.

“என்ன டீச்சர், ஒரே மருந்து வாடை?”

“கெமிஸ்ட்ரி லேப் சார். மல்லிகை வாடை வந்தாத்தான் பயப்படணும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பதை அவர் ஒரு தோல்வியாக நினைப்பவர்.

“நான் இதை ஒரு அனுபவமா மாத்தப் போறேன்” என்றார்.

மாற்றினார். கறை படிந்த மேசைக்கு மேல் பளபளவென்று வெள்ளைப் பலகை வந்தது. என் பழுப்பு நிறப் பாட்டில்கள் போய், ஊறுகாய்க் கடையில் இருப்பது போன்ற தெளிவான கண்ணாடி ஜாடிகள் வந்தன. சில மருந்துகளுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால்தான் பழுப்புப் பாட்டில் என்று சொல்லிப் பார்த்தேன். “இருட்டுல வெச்சா யாருக்குத் தெரியும்?” என்றார். நியாயமான கேள்விதான், மெழுகுவத்திக் கடையில்.

அடுக்குவதற்கு அவர் கண்டுபிடித்த முறை நிறம். நீலமெல்லாம் ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை, வெள்ளைப் பொடிகள் ஒரு வரிசை. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பதெல்லாம் ஒரு வரிசை. அந்தக் கடைசி வரிசையில் நைட்ரிக் ஆசிட்டும் ஸ்பிரிட்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, அதுவும் என் தலைக்கு மேல் உயரத்தில் நின்றன.

“சார், இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது.”

“ஏன், சண்டையா?”

“சேர்ந்தா சூடாகும். பழுப்பா புகை கக்கும். மூடி இறுக்கமா இருந்தா ஜாடியே வெடிக்கும்.”

“மாமியார் மருமக மாதிரின்னு சொல்லுங்க!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். சொன்னது அவர் அல்லவா, அதனால் சிரிக்கலாம்.

பின்கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். உடம்பில் ஆசிட் பட்டால் சங்கிலியை இழுத்துத் தண்ணீரில் நிற்பதற்கான ஷவர். பல வருடமாக நான் கெஞ்சிக் கேட்டது. கண்ணில் நீர் வராத குறை. ஆனால் குழாயின் மறுமுனை சுவருக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டியோடு இணைக்க வேண்டுமென்றால் சுவரில் புதிதாகப் பதித்த ஓடுகளை உடைக்க வேண்டுமாம். அவர் கடையில் மிஞ்சிய ஓடு அது, பாசம் இருக்காதா?

“பாக்கறவங்களுக்கு ஷவர் இருக்குன்னு தெரிஞ்சா போதும் டீச்சர்.”

தாளாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கையில் பேனாவைச் சுழற்றியபடி பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

“சின்னவர் புதுசா ஏதோ செய்றார். நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க டீச்சர். திறப்பு விழாவுக்கு நீங்க வரவேற்பைப் பாருங்க. பூங்கொத்து, நாற்காலி, அந்த மாதிரி. லேப் பக்கம் நீங்க போக வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்கிறார். திறப்பு விழா பேனரும் அவர்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள்.

“உங்க தாளாளர் மூக்கு மட்டும் என் கை அகலம் இருக்கு” என்றார். “இவ்வளவு பெரிய பேனரை எங்கே மாட்டப் போறாங்க?”

எங்கே மாட்டினார்கள் என்பது விழா அன்றுதான் தெரிந்தது. லேபின் பின்கதவு மேல். கதவு அசிங்கமாக இருக்கிறதாம். நிலையிலிருந்து தரைவரை தாளாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார். கதவு இருந்த சுவடே இல்லை.

விருந்தினர்கள் வந்து லேபுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கல்வித்துறையிலிருந்து ஒரு அதிகாரி, பெற்றோர் கொஞ்சம் பேர், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். முன்கதவை அடைத்தாற்போல் வீடியோக்காரர் தன் விளக்குகளையும் கேமராவையும் நிறுத்தியிருந்தார். மேசைக்குப் பின்னால் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் மாப்பிள்ளை சார் மைக்கைப் பிடித்தார். “விஞ்ஞானம் என்பது ஒரு அழகு” என்று ஆரம்பித்தார். அதைத் தாண்டி அவருக்கு விஷயம் இல்லை என்பதால் அதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பூங்கொத்துகளோடு பின்வரிசையில் நின்றேன். பக்கத்தில் ‘கேள்வி’ வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்புப் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள், அதனால் வகுப்பில் வைத்த பெயர். காலையில் சார்ட் ஒட்ட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“டீச்சர்” என்று என் முந்தானையை இழுத்தாள். “மிச்சம் மீதி இருந்த பாட்டில் எல்லாத்தையும் சார் ஒரே ஜாடியில ஊத்திட்டாரு. அப்படி ஊத்தலாமா?”

“எந்த பாட்டில்?”

“அலமாரியில இடம் பத்தாம கீழே கிடந்துச்சே, அரைகுறை பாட்டில். ஸ்பிரிட் இருந்துச்சு. நைட்ரிக்கும் இருந்துச்சு. ரெண்டும் தண்ணி மாதிரிதானே இருக்குன்னு சொல்லி, ஊத்தி, இறுக்கி மூடிட்டாரு. நான் அவர்கிட்டேயும் கேட்டேன் டீச்சர். பெரியவங்க வேலை செய்யும்போது கேள்வி கேக்காதேன்னாரு.”

“ஜாடி எங்கே?”

அவள் விரல் நீட்டினாள். மாப்பிள்ளை சார் நின்ற மேசைக்கு அடியில், அவர் முழங்காலுக்கு நேராக, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அலமாரி. உள்ளே பெரிய ஜாடி. அதன் கழுத்துவரை பழுப்பாக ஒரு புகை சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்த திரவத்தில் குமிழ் குமிழாக எழும்பிக்கொண்டிருந்தது.

பூங்கொத்துகள் எப்போது கையிலிருந்து விழுந்தன என்று தெரியாது.

“எல்லாரும் எழுந்திருங்க!” என்றேன். என் வகுப்புக் குரல். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்புகிற குரல். “உடனே வெளியே போகணும். பையை எடுக்காதீங்க. தள்ளாதீங்க.”

மாப்பிள்ளை சார் மைக்கிலேயே சிரித்தார். “டீச்சர், கேள்வி பதில் நேரம் கடைசியிலதான்.”

கூட்டமும் சிரித்தது. அதிகாரியும் மரியாதைக்குச் சிரித்தார்.

“சார், உங்க காலடியில ஜாடி வெடிக்கப் போகுது. தள்ளிப் போங்க!”

சிரிப்பு நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் முன்கதவைப் பார்த்துப் பாய்ந்தார்கள். கேமராக் கம்பம் சாய்ந்தது, விளக்கு சாய்ந்தது, வழி அடைத்துக்கொண்டது. நான் பின்பக்கம் ஓடினேன். பேனரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. தாளாளரின் மூக்கில் கைவிட்டு, அங்கிருந்து கீழே ஒரே கிழி. பின்னால் கதவு. தாழ்ப்பாளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கேள்வியும் நானும் தோளால் இடித்தோம். மூன்றாவது இடியில் திறந்தது.

பிள்ளைகள் தாளாளரின் சட்டைப்பை வழியாக வெளியே ஓடினார்கள். அதிகாரி போனார். பெற்றோர் போனார்கள். தாளாளரும் தன் வயிற்றின் வழியாகத்தான் வெளியேறினார். அந்த அவசரத்திலும் என்னைப் பார்த்து முறைக்க அவருக்கு நேரம் இருந்தது. எங்கள் அட்டெண்டர் அக்கா மட்டும், ஓடுகிற ஓட்டத்தில் கேஸ் வால்வைத் திருகி மூடிவிட்டுத்தான் வந்தாள்.

ஆனால் மாப்பிள்ளை சார் வாசல்வரை வந்தவர் திரும்பினார்.

“சும்மா பயமுறுத்தறாங்க. நான் போய் மூடியைத் திறந்து காட்டறேன். கேஸ் வெளியே போயிட்டா முடிஞ்சுது.”

“போகாதீங்க! கிட்டே போகாதீங்க!”

போனார். மாமனார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா. மேசைக்கு நாலடி இருக்கும்போது ‘டம்’ என்று காதை அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அலமாரியின் கண்ணாடிக் கதவு பொடிப்பொடியாகச் சிதறியது. அந்த மேசைப் பலகை குறுக்கே இல்லாவிட்டால் இந்தக் கதையை இப்படி ஏளனமாகச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது. பழுப்புப் புகை பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளிருந்து “அய்யோ கை! கை!” என்று அவர் ஓடிவந்தார்.

வந்தவர் நேராக மஞ்சள் கம்பத்துக்கு அடியில் போய் நின்றார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. சங்கிலியை இழுத்தார். சங்கிலி கழன்று கையோடு வந்தது. மேலே அண்ணாந்து பார்த்தார். தானே வைத்த ஷவரைத் தானே நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஒரு எட்டு வைத்து, அவர் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தேன். அட்டெண்டர் அக்கா புகை வெளியே வராமல் கதவைச் சாத்தினாள். தோட்டத்துக் குழாயை முழுக்கத் திறந்து அவர் கையை அடியில் வைத்தேன்.

“வாட்ச்! வாட்ச் நனையுது!”

வாட்சைக் கழற்றிப் புல்லில் வீசினேன். கோட்டைக் கழற்றச் சொன்னேன். தோல் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. நைட்ரிக் ஆசிட் தொட்ட தோல் அப்படித்தான் ஆகும்.

“போதும் டீச்சர், குளிருது.”

“போதும்னு நான் சொல்லுவேன். நில்லுங்க.”

ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றார். அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் புகை நெஞ்சுக்குள் போயிருந்தால் கோளாறு தாமதமாகக்கூட வரலாம் என்று மருத்துவமனையில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். கை பிழைத்தது. பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

“நாங்க அடிச்ச பேனர் நல்ல கெட்டித் துணியாச்சே, எப்படிக் கிழிச்சே?” என்று அன்று ராத்திரி கேட்டார் என் வீட்டுக்காரர். பிறகு அவரே எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சர், நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி.”

“வீட்டுப் பொண்ணா இருந்தா என்னையும் ஏதாவது டைரக்டர் ஆக்கியிருப்பீங்களே சார்.”

அதைக் காதில் வாங்காதவர் போல மேலே போனார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வருகிறாராம். கவனக்குறைவு நிர்வாகத்தின் மேல் என்றால் ஒரு பைசா பெயராதாம். “காலையில அந்தப் பொண்ணு உள்ளே தனியா இருந்திருக்கு. விளையாட்டுத்தனமா ஏதோ கலந்திருக்கு. சின்னப் பிள்ளைதானே, நாம ஒண்ணும் பண்ணப் போறதில்லை. வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம். நீங்களும் அதையே சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. வைஸ் பிரின்சிபால் இடம் வேற காலியா இருக்கு.”

ஒரு கெட்ட காரியத்தை இவ்வளவு தன்மையாகச் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

வெளியே வந்தால் மரத்தடி பெஞ்சில் கேள்வியும் அவள் அப்பாவும். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், தாளாளர் கூப்பிட்டதால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். மகளைத் திட்டவும் முடியாமல், தாளாளரைத் திட்டவும் முடியாமல், கையில் வேன் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நான் ஊத்தலையே. நான் கேக்கத்தானே செஞ்சேன்?”

“அதான் தப்பாப் போச்சு” என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, “உன் மேல இல்லைம்மா. நாளைக்கு எப்பவும் போல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வா” என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், “நேரா உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லுவேன். தாளாளர் இல்லைம்பார். என் வார்த்தை ஒரு பக்கம், அவர் வார்த்தை ஒரு பக்கம். அந்த ஆளு வாயாலேயே வரணும்.”

“எப்படி வரும்?”

“எங்க அண்ணன் வாயிலேர்ந்து எப்படி வரும்?”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என் அண்ணனும் இதே ரகம். ‘வாசல் கேட்டை நீயா உடைச்சே?’ என்று கேட்டால் சத்தியம் பண்ணி மறுப்பான். ‘கேட்டை ஒரே இடியில சாய்ச்சது பக்கத்து வீட்டுக்காரராமே, பலசாலிதான்’ என்று சொன்னால் போதும், மார்பைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

காப்பீட்டு அதிகாரி ஒரு அம்மாள். ஒல்லியான உடம்பு, சளி பிடித்த குரல். சிதறிய கண்ணாடியை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தாளாளர் அறையில் உட்கார்ந்தார். கையில் கட்டோடு மாப்பிள்ளை சாரும் இருந்தார். பேச வேண்டாம் என்று மாமனார் சொல்லி வைத்திருப்பது அவர் உதட்டை மடித்துக்கொண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது.

“ஒரு மாணவி விளையாட்டா கலந்துட்டதுதான் மேடம்” என்றார் தாளாளர். “டீச்சருக்கும் தெரியும்.”

அம்மாள் என்னைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு கலக்கலை மேடம். நான் வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கேன், அவளுக்குத் தெரியும்” என்றேன். “ஆனா தாளாளர் சொல்றதையும் யோசிச்சுப் பாருங்க. மிச்சம் கிடந்த பாட்டிலை எல்லாம் ஒழிச்சாத்தான் அந்த அலமாரி அவ்வளவு அழகா நிக்கும். மொத்த டிசைனும் அதுலதான் இருக்கு. அதைச் செஞ்சது அவள்னா, அப்போ லேபோட டிசைனே அவளோடதுன்னுதான் ஆகுது. டைரக்டர் சார் பாவம், சும்மா ரிப்பன் வெட்ட வந்தவர்னு ஆயிடும்.”

அம்மாள் பேனாவை நிறுத்தினார். “அப்போ வடிவமைப்பு அந்த மாணவியா?”

“இல்லை இல்லை, மேடம்...” என்று தாளாளர் ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை சார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“என்னது? அவளா? மேடம், அது என்னோட கான்செப்ட்! நிறம், வரிசை, ஜாடி, எல்லாமே நான். இந்த டீச்சர் வெச்சிருந்தது லேபா, காயலான் கடை! கீழே குப்பையா கிடந்த பாட்டிலை எல்லாம் ஒரே ஜாடிக்குக் கொண்டுவந்ததே நான்தான். என் கையாலேயே ஊத்தினேன். அந்தப் பொண்ணு சும்மா பக்கத்துல நின்னு கேள்வி கேட்டுக்கிட்டிருந்தா!”

“என்ன கேட்டா?”

“இப்படி ஊத்தலாமான்னு...”

அந்த ‘னு’விலேயே அவர் குரல் தேய்ந்தது. தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார். மருமகனைத் தேர்ந்தெடுத்த நாளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். நிதானமாக, ஒரு எழுத்து விடாமல்.

காப்பீடு கைவிரித்தது. கல்வித்துறை அதிகாரி, தானும் அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் என்பதால், வழக்கத்துக்கு மாறாக வேகம் காட்டினார். ஷவருக்குத் தண்ணீர் வரும்வரை, பின்கதவு திறக்கும்வரை லேபைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஓடு உடைபட்டது. ‘கேள்வி’யின் அப்பாவிடம் தாளாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘ஏதோ புரிதல் பிழை’ என்று வேறு யாரோ செய்ததைப் போலச் சொன்னார். வேன்காரர் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளை வகுப்புவரை கொண்டுபோய் விட்டார்.

வைஸ் பிரின்சிபால் இடம் எனக்கு வரவில்லை. நிர்வாகத்தின் பேனரைச் சேதப்படுத்தியது ஏன் என்று விளக்கம்தான் கேட்டார்கள். ‘அதற்குப் பின்னால் கதவு இருந்தது’ என்று சொன்னேன்.

மாப்பிள்ளை சாரைக் குடும்பத்தின் ஐஸ் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் ‘இயக்குநர்’தான். அங்கே குழாய் முழுக்க, கசிந்தால் மூச்சை அடைக்கிற அமோனியா ஓடுகிறது என்று அவரிடம் யாராவது சொன்னார்களா தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். தலைக்கு மேலிருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது அவர் வந்த வாரமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லேப் திறந்த அன்று பதினொன்றாம் வகுப்புக்கு உப்புப் பகுப்பாய்வு. கேள்வி முதல் ஆளாகப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பர்னரைப் பற்ற வைக்கக் குனிந்தாள்.

“சடையைக் கட்டிக்கிட்டு அப்புறம் குனி” என்றேன்.

“ஏன் டீச்சர்?” என்றாள்.

அவள் மேசைக்குப் போய், கேஸை அடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.